அந்த 127 டிகிரி எங்கிருந்து வந்தது?

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு தம்பி, கணினியின் வெப்பநிலையைக் காட்டுகிற மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: "அண்ணா, 127 டிகிரி காட்டுது. பயந்து போய் ஆஃப் பண்ணிட்டேன். பிராசஸர் போச்சா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். சிபியு 41 டிகிரி. மதர்போர்டு 36. அதற்குக் கீழே 'ஆக்ஸ்டின்2' என்ற பெயரில், கொட்டை சிவப்பு எழுத்தில் 127. குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று மூன்று கட்டத்திலும் அதே 127.

"ஒண்ணும் ஆகலப்பா, தைரியமா ஆன் பண்ணு" என்று பதில் போட்டேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. வராததில் தப்பே இல்லை. ஒரு மென்பொருள் சிவப்பில் ஒரு எண்ணைக் காட்டினால் யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். அவனுக்கு விளக்கியதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள்.

மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சில்லு இருக்கும். பெரும்பாலும் நுவோட்டான் அல்லது ஐடிஇ தயாரித்தது. ஃபேன் வேகம், வோல்டேஜ், போர்டின் வெப்பநிலை எல்லாம் அதன் வழியாகத்தான் மென்பொருளுக்கு வருகின்றன. சில்லு செய்பவர்கள் எல்லா போர்டுக்கும் பொதுவாகச் செய்கிறார்கள், அதனால் வெப்பநிலை அளக்கவே பல பின்களை, அதாவது இணைப்பு முனைகளை, வைத்திருப்பார்கள். போர்டு செய்பவர் அதில் இரண்டிலோ மூன்றிலோ மட்டும் சென்சாரை இணைத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவார். எதோடும் சேராத பின்னிலும் ஏதோ ஒரு மின்னழுத்தம் இருக்கும். சில்லுக்கு அது தெரியாது. படித்ததை டிகிரியாக மாற்றி எழுதி வைத்துவிடும். கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்து 8 பிட்டில் எழுத முடிகிற பெரிய எண் 127, சிறிய எண் -128. அந்தத் தம்பி பார்த்தது அந்த எல்லையைத்தான். அங்கே சென்சாரே கிடையாது, சூடாவதற்கு எதுவும் இல்லை.

சரி, அப்பட்டமாக 127 என்று வந்தால் கண்டுபிடித்துவிடலாம். 88, 93 என்று அங்கும் இங்கும் ஆடிக்கொண்டு வருமே, அதுதான் ஆளை ஏமாற்றும். நான் செய்கிற சோதனை ஒன்று உண்டு. கணினியை இரவு முழுக்க அணைத்து வைத்துவிட்டு, காலையில் ஆன் செய்த கையோடு மென்பொருளைத் திறப்பேன். அந்த நேரத்தில் உண்மையான போர்டு சென்சார்கள் அறையின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அப்போதே 90 காட்டுகிறது என்றால் அந்த வரியை மறைத்துவிடலாம். இதே சோதனை எதிர்ப்பக்கமும் பயன்படும். வெறும் காற்றால் குளிரூட்டுகிற கணினியில் எந்தப் பாகமும் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்க வழியில்லை. 30 டிகிரி அறையில் ஒரு சென்சார் 14 காட்டினால் அதுவும் பொய்தான்.

எனக்கு இதெல்லாம் சும்மா தெரிய வரவில்லை. பல வருடம் முன்பு என் கணினியில், பவர் சப்ளையிலிருந்து வருகிற 12 வோல்ட் வரிசையை மென்பொருள் 6.65 என்று காட்டியது. பவர் சப்ளை சாகப் போகிறது என்று முடிவு கட்டி, காசு சேர்த்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். மென்பொருளைத் திறந்து பார்த்தால் அதே 6.65. அன்றைக்குத்தான் மல்டிமீட்டரை எடுத்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற நான்கு பின் கனெக்டரில் மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் முனையை வைத்தேன். 12.1 வோல்ட். பழைய பவர் சப்ளையை மறுபடி மாட்டி அளந்தேன். அதுவும் 12.1.

யோசித்திருந்தால் மீட்டர்கூடத் தேவைப்பட்டிருக்காது. கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் வரிசை 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. அது நிஜமாகவே 6.65-க்கு இறங்கியிருந்தால் ஹார்ட் டிஸ்க் சுற்றாது, கணினியே ஆன் ஆகாது. நான் அந்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்ததே அந்த எண் தப்பு என்பதற்குச் சாட்சி.

பிறகு உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நுவோட்டான் வகைச் சில்லு 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரைதான் நேரடியாக அளக்கும். அதனால் 12 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பங்கு பிரித்து, பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் சில்லுக்குக் கொடுக்கிறார்கள். சில்லு அதை 8 மில்லிவோல்ட் படிகளாக எண்ணுகிறது. 126 படி என்றால் 1.008 வோல்ட். மென்பொருள் அதை 12-ஆல் பெருக்கினால் 12.096. நிறையப் பேருடைய திரையில் இந்த 12.096 வருவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஒரு படி ஏறினால் 12.192. இடையில் 12.15 என்று வரவே முடியாது. என் மென்பொருளுக்கு என் போர்டில் என்ன ரெசிஸ்டர் இருக்கிறது என்று தெரியவில்லை. வேறொரு போர்டின் கணக்கான 6.6-ஆல் பெருக்கியது. 1.008 பெருக்கல் 6.6, கிடைத்தது 6.65. இதற்காகத்தான் நான் ஒரு பவர் சப்ளை வாங்கினேன்.

அதனால்தான் "12.096-லிருந்து 12.192-க்கு ஏறி இறங்குகிறது, பவர் சப்ளை நிலையாக இல்லையா?" என்று யாராவது கேட்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஒரே ஒரு படி அது. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அந்தச் சில்லின் கண்ணுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பின்னில் என்ன சென்சார் இருக்கிறது, எந்த வோல்டேஜுக்கு என்ன ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள் என்பது போர்டு தயாரித்தவருக்குத் தெரியும். அரைப் பக்க அட்டவணை. அதை வெளியிட்டால் எந்த ரகசியமும் போய்விடாது. பெரும்பாலும் வெளியிடுவதில்லை. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் என்ற கண்காணிப்புக் கருவியைப் பராமரிப்பவர்களும், விண்டோஸில் இலவசக் கருவிகள் எழுதுபவர்களும் ஒவ்வொரு போர்டாக ஊகித்து, போர்டிலேயே இருக்கிற தொடக்க மென்பொருளான பயாஸ் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, பயனர்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்துகிறார்கள். காசு கொடுத்து போர்டு வாங்கியவருக்கு அதன் அளவுகோல் தெரிய வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. மென்பொருள் எழுதுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நிமிடம்கூட அசையாமல் 127-லேயே நிற்கிற வரியைச் சிவப்பில் காட்டாதீர்கள். 'இணைக்கப்படவில்லை' என்று போட்டால் போதும்.

சிபியு வெப்பநிலை தனிக் கதை. அது சூப்பர் ஐஓவிலிருந்து வருவதில்லை, பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிற சென்சாரிலிருந்து வருகிறது. இன்டெல்லில் அந்த சென்சார் டிகிரியை நேரடியாகச் சொல்லாது. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டுமே சொல்லும். மென்பொருள் வரம்பிலிருந்து அதைக் கழித்துக் காட்டுகிறது. வரம்பு 100, பாக்கி 59 என்றால் 41. கோர் 2 என்ற பழைய இன்டெல் பிராசஸர்களின் காலத்தில் மேசைக் கணினிகளுக்கு அந்த வரம்பு என்ன என்பதைப் பிராசஸரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, ஆளாளுக்கு ஒன்றை வைத்துக் கழித்தார்கள். ஒரே கணினியில் இரண்டு மென்பொருள் சரியாக 10 டிகிரி வித்தியாசம் காட்டியது அப்படித்தான். 2008-இல் வந்த நெஹலேம் தலைமுறையிலிருந்து அந்த எண்ணைப் பிராசஸரே சொல்கிறது. ஆனாலும் இந்த சென்சார்கள் வரம்பை நெருங்கும்போது சரியாக இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. சும்மா இருக்கும்போது ஒரு கோர் 33, பக்கத்துக் கோர் 39 என்று காட்டினால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஏஎம்டியில் இன்னொரு விஷயம். 2017-இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசஸர்கள் இரண்டும் உண்மையான வெப்பத்தோடு 20 டிகிரியைக் கூட்டிச் சொல்லும். எல்லா மாடலுக்கும் ஒரே ஃபேன் கணக்கு பொருந்த வேண்டும் என்று ஏஎம்டி வேண்டுமென்றே வைத்தது அது. 'டிகன்ட்ரோல்' என்ற வரியில் அந்தக் கூட்டிய எண்ணும், 'டிடை' என்ற வரியில் உண்மையான எண்ணும் வரும். இது தெரியாமல் கூலரை மூன்று தடவை கழற்றி, வெப்பம் கடத்துகிற பேஸ்ட்டைத் தடவி மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வைக்கிற பழக்கம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான் செய்கிறோம், ஆனால் அதுவே தப்பான எண்ணைக் கொண்டுவரும். சூப்பர் ஐஓவைப் படிப்பது இரண்டு படியான வேலை. முதலில் எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று எழுத வேண்டும், அதன் பிறகு எண்ணை வாங்க வேண்டும். ஒரு மென்பொருள் 'ஃபேன் வேகம்' என்று எழுதிவிட்டு வாங்கப் போவதற்குள் இன்னொன்று வந்து 'வோல்டேஜ்' என்று எழுதிவிட்டால், முதலாவது வாங்குவது வோல்டேஜ் எண்ணை. அதை ஃபேன் வேகம் என்று நினைத்துக் காட்டும். ஒரு வினாடி 20,000 சுற்று, அடுத்த வினாடி பழையபடி 900 என்று வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெயர் பெற்ற கருவிகள் தங்களுக்குள் பூட்டு வைத்து முறை போட்டுக்கொள்கின்றன. போர்டோடு வருகிற ஃபேன் மென்பொருளும் விளக்கு மென்பொருளும் எல்லா நேரமும் அந்த முறைக்குக் கட்டுப்படுவதில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி, ஒன்றே ஒன்றை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபேன் வேகம் சரியாக இரண்டு மடங்கு அல்லது பாதியாக வந்தால் துடிப்புக் கணக்குத் தவறு. வழக்கமான ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு கொடுக்கும். கிராபிக்ஸ் கார்டு ஃபேன் 0 காட்டினால் குனிந்து பாருங்கள், வேலை குறைவாக இருக்கும்போது அது நிஜமாகவே நிற்பதுதான் பல கார்டுகளில் வழக்கம்.

2025 மார்ச்சில் இருந்து புதுத் தலைவலி ஒன்று. இலவசக் கருவிகள் பலவும் நம்பியிருந்த வின்ரிங்0 என்ற டிரைவரை (வன்பொருளோடு பேச உதவுகிற மென்பொருளை) விண்டோஸ் டிஃபெண்டர் ஆபத்தானது என்று பிடிக்கத் தொடங்கியது. நேற்று வரை வந்த எண்கள் இன்று காணாமல் போயின. உடனே டிஃபெண்டரை அணைக்கச் சொல்லி நிறையப் பேர் அறிவுரை கொடுத்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த டிரைவரில் பாதுகாப்புக் குறை இருப்பது 2020-லேயே பதிவான விஷயம். லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் போன்றவை பான்ஐஓ என்ற வேறு டிரைவருக்கு மாறிவிட்டன. புதிய பதிப்பைப் போடுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. நான் இப்படிப் பேசப் பேச, கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் எல்லா சென்சாரும் பொய் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அவருடைய சிபியு 98 காட்டியது. "சென்சார் கோளாறுதானே" என்று இரண்டு மாதம் ஓட்டினார். நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு சின்ன வேலை கொடுத்ததும் 45-லிருந்து 95-க்கு ஒரே வினாடியில் தாவியது. வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கியது. கூடவே பிராசஸரின் கிளாக் வேகம் சரிந்தது, வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டது என்ற வரியில் 'ஆம்' என்று வந்தது. மூன்று வரிகள் ஒரே கதையைச் சொன்னால் அது பொய் இல்லை. கூலரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. உள்ளே கொதிக்கிறது, வெளியே வெப்பம் வரவில்லை. கூலரின் நான்கு திருகில் ஒன்று முழுதாக இறங்கவே இல்லை. கழற்றிப் பேஸ்ட் மாற்றி, குறுக்கு மறுக்காக இறுக்கிய பிறகு அதே வேலைக்கு 71. எனக்குக் குற்ற உணர்வாகத்தான் இருந்தது. எது பொய் என்று சொன்ன நான், எது நிஜம் என்று கண்டுபிடிக்கும் வழியையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

உதவி கேட்கும்போது ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருள்களில் எண்களைக் கோப்பாகப் பதிவு செய்கிற வசதி இருக்கிறது. ஐந்து நிமிடம் சும்மா, ஐந்து நிமிடம் வேலையோடு ஓடவிட்டு அந்தக் கோப்பை அனுப்புங்கள். போர்டின் முழு மாடல் பெயர், சூப்பர் ஐஓ சில்லின் பெயர், பயாஸ் பதிப்பு மூன்றையும் எழுதுங்கள். அசையாத எண் எது, வேலையோடு சேர்ந்து நகர்கிற எண் எது என்பது அந்தக் கோப்பில் தெரிந்துவிடும்.

அந்த 6.65 விஷயத்தில் நான் கடைசியாகச் செய்தது இதுதான். மல்டிமீட்டரில் அளந்த எண், மென்பொருள் காட்டிய எண், போர்டின் மாடல் மூன்றையும் எழுதி அந்தக் கருவியை எழுதியவருக்கு அனுப்பினேன். அவருக்கு என்னைத் தெரியாது, நான் ஒரு காசும் கொடுத்ததில்லை. இரண்டு நாளில் பதில் வந்தது, இன்னும் இரண்டு அளவுகளைக் கேட்டார். எடுத்து அனுப்பினேன். அடுத்த பதிப்பைப் போட்டுத் திறந்தபோது அந்த வரியில் 12.096 என்று இருந்தது.