அஞ்சு கிலோ டம்பெல்லும் அக்கா மகனும்

"ஏனுங் மாமா, அஞ்சு கிலோவா? சந்தையிலிருந்து அத்தை தூக்கிட்டு வர்ற தக்காளிப் பையே அதைவிடக் கனமா இருக்குமுங்க."

போன வாரம் ஜிம்மில் அக்கா மகன் கேட்டது. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். கோட்டுக் கை இறுக்கமாக நிற்கவேண்டுமாம். அதற்காக ஒரு மாதமாக, ஈரோட்டில் நான் போகும் அதே ஜிம்முக்கு வருகிறான். நான் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து கான்சன்ட்ரேஷன் கர்ல், அதாவது மேல்கையைத் தொடையில் பதித்து ஒரு கையால் டம்பெல்லை மடக்கித் தூக்கும் பயிற்சி, போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கண்ணாடி முன்னால் நின்று 15 கிலோ டம்பெல்லுக்கு ஊஞ்சல் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஆட்டினேன். நம்ம பக்கத்து ஆட்கள் மஞ்சள் மூட்டையோ நூல் பேலோ எதைத் தூக்கினாலும் காலையும் இடுப்பையும் கொடுத்து ஓர் எம்பு எம்பித்தான் தூக்குவோம். வேலைக்கு அதுதான் சரி. கையை மட்டும் நம்பி மூட்டை தூக்குகிறவன் மத்தியானத்துக்குள் படுத்துவிடுவான். அந்தச் சாமர்த்தியத்தை அப்படியே ஜிம்முக்குக் கொண்டுபோனால்தான் வம்பு. டம்பெல் என்னவோ மேலே போகும், போக வைத்தது இடுப்பாக இருக்கும். எனக்கு ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் வண்டி எடுக்க முடியவில்லை. திரும்பிப் போனபோது, என்னைவிடப் பத்து வயது இளைய மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்ண்ணா, நீங்க கைக்குப் போடறீங்களா, இடுப்புக்குங்களா?"

அன்றைக்கு 15ஐ ரேக்கில் வைத்துவிட்டு 5ஐ எடுத்தவன்தான்.

இந்தக் கான்சன்ட்ரேஷன் கர்ல் எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், இதில் ஏமாற்றுவது கஷ்டம். பெஞ்சு நுனியில் காலை நன்றாக அகட்டி உட்கார வேண்டும். லேசாக முன்னால் சாய்ந்து, முழங்கைக்குச் சற்று மேலே இருக்கும் மேல்கையின் பின்பகுதியைத் தொடையின் உள்பக்கம் பதிக்க வேண்டும். நிறையப் பேர் முழங்கையை முட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், அது தப்பு. அப்படி வைத்தால் கை வழுக்கும், எடையில் பாதியைக் காலே தாங்கிவிடும். இன்னொரு கை அடுத்த தொடையில் சும்மா ஊன்றியிருக்கட்டும்.

கையைக் கிட்டத்தட்ட முழுதாக நீட்டிய நிலையில் தொடங்கி, மூச்சை விட்டபடி தோளை நோக்கி மடக்குங்கள். மேலே போகப் போகச் சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் உள்ளே திரும்பட்டும். இது ஸ்டைலுக்கு இல்லை. பைசெப்ஸ், அதாவது மேல்கையின் முன்பக்கச் சதை, மேலே தோள்பட்டை எலும்பில் இரண்டு இடத்தில் கிளம்பி, கீழே முன்கையின் ஆர எலும்பில் போய்ச் சேர்கிறது. அதனால் முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் அதன் வேலை. ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கமாக ஒரு திருகாணியை முடுக்கிப் பாருங்கள், சதை உருளுவது தெரியும். மேலே ஒரு நொடி நிறுத்தி இறுக்கிவிட்டு, இறக்கும்போது மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பென்று கீழே விட்டால் பாதிப் பயிற்சி போச்சு. மணிக்கட்டு மடங்கக் கூடாது, மடங்கினால் வலி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். தொடை ஆடி உதவிக்கு வந்தாலோ தோள் தூக்கினாலோ எடை அதிகம் என்று அர்த்தம்.

பலமில்லாத கையில் முதலில் போடுங்கள். அது எத்தனை போடுகிறதோ அத்தனைதான் அடுத்த கைக்கும். 10 முதல் 12 வரை, மூன்று செட் போதும். அதுவும் புல்அப், ரோயிங் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில். முதலிலேயே கையைச் சோர்த்துவிட்டால் முதுகுக்குப் போடும்போது பிடியே நிற்காது.

2014இல் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் ஆதரவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் எட்டு பைசெப்ஸ் பயிற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று மின்முனை ஒட்டி அளந்ததில் கான்சன்ட்ரேஷன் கர்ல்தான் முதலில் வந்தது. அதற்காக இது ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். அந்த நிமிடத்துச் சிக்னல் வேறு, ஆறு மாதத்து வளர்ச்சி வேறு. இதைப் போட்டால் அர்னால்ட் மாதிரி முகடு வரும் என்கிற பேச்சையும் நம்பாதீர்கள். அவர் தொடையில் முட்டுக்கொடுக்காமல், நின்றபடி குனிந்துதான் போடுவார். சதை பருக்கும், ஆனால் அதன் வடிவம் பிறப்பிலேயே வந்தது. அதை எந்த மாஸ்டராலும் மாற்ற முடியாது.

(டப்பாப் புரோட்டீன் பவுடர் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டில் கொள்ளுப் பருப்பு கடைகிறார்கள், பக்கத்தில் நாமக்கல் இருக்கிறது. எனக்கு அது போதுகிறது.)

சரி, மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். வாதம் பண்ணாமல் பெஞ்சில் உட்காரவைத்து, அதே 5 கிலோவை இடது கையில் கொடுத்தேன். முதல் நான்கு சிரித்துக்கொண்டே போட்டான். ஐந்தாவதில் தொடை ஆடியது, பிடித்து நிறுத்தினேன். ஏழோடு கை நின்றுவிட்டது. டம்பெல்லைத் திருப்பி அதில் போட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்தான்.

வலது கையில் ஏழு முடிந்ததும் எட்டாவதற்குப் போனான். போதும் கண்ணு, கீழே வை என்றேன். முறைத்துவிட்டு வைத்தான்.