வெளிச்சத்தைக் குவித்தால் கருந்துளை வருமா?

நேற்று ராத்திரி காரைக்குடியில் கரண்ட் போய்விட்டது. வளவில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகன் செல்போன் டார்ச்சைத் தேக்குத் தூணில் அடித்துக்கொண்டே கேட்டான்: “அம்மான், வெளிச்சத்தை எல்லாம் ஒரே புள்ளியில குவிச்சா கருந்துளை ஆயிடுமாமே?” ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான்.

அசட்டுக் கேள்வி இல்லை. கருந்துளை என்றால் ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு குவிந்த இடம். ஐன்ஸ்டைன் கணக்குப்படி நிறைக்கு மட்டுமல்ல, ஆற்றலுக்கும் ஈர்ப்பு உண்டு. ஒளியால் ஆன கருந்துளைக்கு ஜெர்மன் மொழியில் பேரே வைத்துவிட்டார்கள்: கூகல்பிளிட்ஸ். உருண்டை மின்னல் என்று அர்த்தம். பேர் இருக்கிறதே தவிர பொருள் கிடையாது போலிருக்கிறது. 2024-இல் ஸ்பெயின், கனடா ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம்தான் எனக்குப் பிடித்தது. ஒளியை நெருக்க நெருக்க மின்புலம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் வெற்றிடமே தாங்காது. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடி ஜோடியாகப் பிறந்து, ஆற்றலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடும். இட்லிக் கொப்பரையில் தீயைக் கூட்டினால் மூடி தடதடவென்று எழும்பி ஆவி போகிறதே, அது மாதிரி. கூட்டக் கூட்ட ஒழுக்கும் கூடும். குவிக்கிற இடத்தின் ஆரம் அணுவைவிடப் பல மடங்கு சிறியதிலிருந்து 1 லட்சம் கிலோமீட்டர் வரை இந்தத் தடை உண்டு. அதையும் தாண்ட வேண்டுமென்றால் 30,000 சூரியன்களுக்கு மேல் நிறைக்கு ஈடான ஒளி வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது?

வீடியோக்காரர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். ‘பூமியைக் கோலிக்குண்டு அளவுக்கு அமுக்கினால் கருந்துளை’ என்பார்கள். கணக்கு சரிதான், 9 மில்லிமீட்டர் ஆரம். யார் அமுக்குவது என்று சொல்ல மாட்டார்கள். விண்மீன்களைக் கணக்கிட்ட நம்ம விஞ்ஞானி சந்திரசேகரையும் விட்டுவைப்பதில்லை. ஒரு விண்மீனின் நிறை சூரியனைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால் உடனே கருந்துளையாம்! அவர் சொன்னது வெள்ளைக் குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், அதற்கு மேல் நிற்காது என்பதுதான். நடுவில் நியூட்ரான் விண்மீன் என்று, இன்னும் நெருக்கமாக அமுங்கிய ஒரு படி இருக்கிறது, அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1939-இல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் அதை முதலில் கணக்கிட்டார்கள். இன்றைய மதிப்பீடு இரண்டு சூரியனுக்குச் சற்று மேல். எது ஆகும் என்பதைவிட எது ஏன் ஆகாது என்பதில்தான் இயற்பியலே இருக்கிறது. அதைச் சொன்னால் பார்க்க ஆள் வராது போல.

சரி, கொப்பரைக் கதையை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “மூடி மேல அம்மிக் குழவியைத் தூக்கி வச்சா?”

ஈர்ப்புதான்டா அந்தக் குழவி, அது வந்து உட்காருவதற்குள்ளேயே ஆவி போய்விடுகிறது என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.