அங்கே மழை இல்லையாம்

சனிக்கிழமை இங்கே பிரித்தானியாவில், பட்டினிப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்க நம்மவர்கள் மண்டபத்தில் வைத்த நிகழ்ச்சியில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக உள்பெட்டியில் அறிவுரை வந்து குவிகிறது. சரி, எழுதிவிடுகிறேன்.

நிகழ்ச்சியை நடத்தியவர்களே, நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. 'உலகக் குடிமக்கள் ஆவோம்' என்று தலைப்புப் போட்டு, விலா எலும்பு தெரிய அழும் ஒரு குழந்தையைத் திரை நிறையக் காட்டினீர்கள். முன்வரிசையில் எங்கள் பிள்ளைகள். "இந்தப் பிள்ளை எந்த ஊர், ஏன் பசியோடு இருக்குது?" என்றேன். "ஆபிரிக்கா அண்ணை. பிள்ளைகளுக்கு இது காணும், அரசியல் வேண்டாம்" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வரும்போது காருக்குள் மகள் சொன்னாள்: "அங்கை மழை இல்லையாம் அப்பா."

மழை! அது சூடான் படம் என்று பிறகு நீங்களே குழுவில் போட்டீர்கள். 2023 ஏப்ரலில் அங்கே இராணுவமும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படையும் அடிபடத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். சாப்பாட்டு லொறிகளை மறித்தது வானமா? இலங்கை அரசு வன்னிக்குப் பொருளாதாரத் தடை போட்டபோது எங்கள் பசிக்கும் மழைதான் காரணமா? பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

'சின்னப் பிள்ளைகளுக்கு விளங்காது' என்கிறார் ஒருவர். விலா எலும்பு மட்டும் விளங்குமாக்கும்.

95 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. நிவாரணக்காரர் வருகிறார்கள் என்றதும் அம்மா, மிஞ்சியிருந்த ஒரு வெள்ளைச் சேர்ட்டை நீலம் போட்டுத் தோய்த்து உடுத்திவிட்டு, எண்ணெய் வைத்துத் தலையும் இழுத்துவிட்டார். கமராக்காரர் என்னைப் பார்த்தார். ஓரமாகப் போ என்று கையைக் காட்டினார். பக்கத்தில் மூக்கு வடிய, மேல் சட்டையில்லாமல் நின்ற பெடியனைத்தான் எடுத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தறப்பாள் வரிசையில் போய் நின்றார்.

'படம் காட்டாமல் காசு வராது' என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், காட்டினால் அன்றைக்குக் காசு வரும். 1985இல் வெம்ப்ளியில் லைவ் எய்ட் என்ற இசை நிகழ்ச்சி நடத்தி எத்தியோப்பியாவுக்குக் கோடி கோடியாகச் சேர்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் வி.எஸ்.ஓ. என்ற தொண்டு அமைப்பு இந்த நாட்டுச் சனத்தைக் கேட்டுப் பார்த்தது. வளரும் நாடுகள் என்றதும் நூற்றுக்கு எண்பது பேருக்கு ஞாபகம் வந்தது பஞ்சமும் பேரழிவும் மேற்கு நாட்டு உதவியும்தான். அழும் பிள்ளை மட்டும் மனதில் நின்றது, ஏன் அழுதது என்பது நிற்கவில்லை.

அதனால்தான் இந்த நாட்டு அரசு வெளிநாட்டு உதவியை வெட்டும்போது ஒருவரும் அசையவில்லை என்று நினைக்கிறேன். தேசிய வருமானத்தில் 0.7 வீதம் என்று 2015இல் சட்டம் போட்டார்கள். 2021இல் அது 0.5 ஆனது. 2027இல் 0.3 ஆகும் என்று 2025 பெப்ரவரியில் அறிவித்தார்கள். நூறு பவுணுக்கு எழுபது பென்ஸ் கொடுத்த நாடு இனி முப்பது பென்ஸ் கொடுக்கும். 2023இல் அந்தக் காசிலும் கால்வாசிக்கு மேல் இந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளைப் பராமரிக்கத்தான் போனது. நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள்? 'வெட்டினது நல்லது, எங்கட வரி குறையும்' என்று குழுவில் எழுதியவரும் நம்மவர்தான். மிச்சம் பிடித்த காசு பாதுகாப்புச் செலவுக்கு என்று பிரதமரே சொல்லிவிட்டார் அண்ணை, வரியை மறந்துவிடுங்கள்.

'நீ எவ்வளவு குடுத்தாய்?' என்று கேட்டவருக்குக் கணக்குக் காட்ட மாட்டேன்.

காசு சேர்க்க வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பார், அவரும் எதையாவது தோய்த்துக் காயப்போட்டிருப்பார். அதைத்தான் சொல்ல வந்தேன், ஒலிவாங்கியை வாங்கிவிட்டீர்கள்.

கோபத்தில் நானும் அன்றைக்கு மகளுக்கு எதையும் விளக்கவில்லை. அது என் பிழை. பையிலிருந்த நாலு பவுணையும் அவள் அப்போதே உங்கள் பெட்டியில் போட்டுவிட்டாளாம். நேற்றிரவு படுக்கையில் கேட்கிறாள்: "இப்ப அங்கை மழை பெய்திருக்குமோ அப்பா?"