சௌச்சில்லா பிள்ளைகளைப் போலீஸ் மீட்கவில்லை

'1976 சௌச்சில்லா பஸ் கடத்தல் பக்காவான திட்டம், போலீஸ் கண்டுபிடித்ததால்தான் தோற்றது, யாருக்கும் பாதிப்பில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே தவறு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சௌச்சில்லா ஊரில் அந்த வருடம் ஜூலை 15 அன்று பள்ளி பஸ்ஸோடு கடத்தப்பட்டவர்கள் 26 பிள்ளைகளும் ஓட்டுநர் எட் ரேயும். சுமார் 11 மணி நேரம் வேனில் அடைத்து, லிவர்மோர் பக்கம் ஒரு கல்குவாரியில் புதைத்து வைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். சாப்பாடும் தண்ணீரும் கொஞ்சம்தான். உள்ளே வெக்கை. மேலே இருந்த மண்ணின் பாரத்தில் கூரை தொய்ய ஆரம்பித்தது. இதையா பக்கா என்கிறீர்கள்? இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

வெளியே வந்தது அவர்களாகவேதான். மெத்தைகளை அடுக்கி ஏறி, ஓட்டுநரும் பெரிய பையன்களும் கூரையில் இருந்த மூடியை நகர்த்தினார்கள். அதன்மேல் கனத்த பேட்டரிகள் இருந்தன, அப்புறம் மண் வேறு. சுமார் 16 மணி நேரத்துக்குப் பிறகு எல்லோரும் உயிரோடு மேலே வந்தார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் தோண்டிய தோண்டல் அதில் பெரும்பங்கு. அதைப் போலீஸ் கணக்கில் எழுதாதீர்கள்.

கடத்தியவர்களால் பிள்ளைகளை விடுவிக்க 50 லட்சம் டாலர் கேட்கக்கூட முடியவில்லை. ஊர்ப் போலீஸின் போன் லைன்கள் ஓயாமல் பிஸியாக இருந்தன.

'பாதிப்பில்லை' என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மனநல மருத்துவர் லெனோர் டெர் அந்தப் பிள்ளைகளைப் பல வருடம் கவனித்தார். கெட்ட கனவுகளும் பயமும் வருடக்கணக்கில் அவர்களை விடவில்லை.