கொட்டுவதற்கு முன் பக்கத்து ஆலையைக் கேளுங்கள்

ஒரு தொழிற்பேட்டையில் இரண்டு ஆலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆலையின் இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு வரும் நீர் கொதிக்கக் கொதிக்க வெளியேறுகிறது. அதை அப்படியே கால்வாயில் விட முடியாது என்பதால், மின்சாரம் செலவழித்து ஆறவைக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலையோ குளிர்ந்த நீரை விலைக்கு வாங்கி, எரிபொருளை எரித்து அதைச் சூடாக்குகிறது. ஒருவர் வெப்பத்தைத் தொலைக்கப் பணம் கட்டுகிறார். இன்னொருவர் அதே வெப்பத்தை உண்டாக்கப் பணம் கட்டுகிறார். இருவரும் ஒரே சாலையில்தான் தினமும் வண்டியோட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது.

ஓர் ஆலையின் கழிவு வெப்பமும் நீரும் சாம்பலும் கசடும் அடுத்த ஆலையின் மூலப்பொருளாகும் ஏற்பாட்டைத் தொழில்துறைக் கூட்டுவாழ்வு என்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் புதிய தொழில்நுட்பம் வேண்டும், பெரிய முதலீடு வேண்டும் என்று தொடங்குகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழாயும் வெப்பப் பரிமாற்றியும் நூறாண்டுக்கு மேல் பழக்கமான பொருள்கள். பக்கத்து ஆலையில் என்ன வெளியேறுகிறது என்று தெரிந்த மனிதர்கள்தான் இல்லை. அப்படித் தெரிந்துவைத்திருப்பதை யாருடைய வேலையாகவும் நாம் ஆக்கவில்லை.

டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்ற சிறிய துறைமுக நகரம் இருக்கிறது. இந்தத் துறையில் யார் பேசினாலும் அந்தப் பெயர் வந்துவிடும், காரணமில்லாமல் இல்லை. 1961-இல் அங்கே கட்டப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு நீர் தேவைப்பட்டது. நிலத்தடி நீர் போதாது. டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் போட முடிவானது. நகராட்சி குழாயைப் பதித்தது, ஆலை பணம் கொடுத்தது. அவ்வளவுதான் தொடக்கம். 1972-இல் ஜிப்சம் பலகை செய்யும் ஆலை ஒன்று வந்து, சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்துக்கொண்டிருந்த வாயுவைத் தன் உலைக்கு வாங்கிக்கொண்டது. 1976 முதல் நோவோ மருந்து நிறுவனத்தின் நொதித்தல் கசடு சுற்றுவட்டார வயல்களுக்கு உரமாகப் போகத் தொடங்கியது. 1981-இல் ஆஸ்னெஸ் அனல்மின் நிலையத்தின் மிச்ச வெப்பம் குழாய் வழியாக நகரத்து வீடுகளுக்குப் போனது. வீடுகளைச் சூடாக்கத் தனித்தனியாக எண்ணெய் எரித்த ஆயிரக்கணக்கான அடுப்புகள் அணைந்தன. மறு ஆண்டு அதே மின்நிலையத்தின் நீராவி சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போனது. இன்சுலின் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட் பன்றித் தீவனமானது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஜிப்சத்தின் கதை. நிலக்கரியை எரித்தால் கந்தக டைஆக்சைடு வரும். அதைப் புகைபோக்கியிலேயே பிடித்து நிறுத்த, சுண்ணாம்புக் கரைசல் வழியாகப் புகையைச் செலுத்துகிறார்கள். கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கிடைப்பது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். 1993-இல் ஆஸ்னெஸ் நிலையம் இந்த அமைப்பை நிறுவியது. அதுவரை ஸ்பெயின் நாட்டுச் சுரங்கத்திலிருந்து கப்பலில் ஜிப்சம் வரவழைத்துக்கொண்டிருந்த பலகை ஆலைக்கு, அதன் பெரும்பகுதி உள்ளூரிலேயே கிடைக்கத் தொடங்கியது. காற்றைக் கெடுத்துக்கொண்டிருந்த பொருள் வீட்டுச் சுவராகிவிட்டது. மலையைக் குடையும் வேலையும் அந்த அளவுக்குக் குறைந்தது.

இவை எவற்றையும் யாரும் ஒட்டுமொத்தமாக உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு தரப்புகளுக்கு இடையே, இருவருக்கும் லாபம் என்று கணக்குப் பார்த்துச் செய்துகொண்ட தனி ஒப்பந்தம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1980-களின் இறுதியில்தான், தங்கள் ஊரில் இப்படி ஒரு வலை உருவாகியிருக்கிறது என்று அவர்களே கவனித்துப் பெயர் வைத்தார்கள். ஊர் சிறியது. ஆலைகளின் மேலாளர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்திருந்தார்கள். உன் ஆலையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்க அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. குழாய்களைவிட இந்தப் பழக்கம்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. கலுண்ட்போர்க்கின் புகழைக் கேட்டு, 1990-களில் அமெரிக்காவில் இதே போன்ற சூழல் தொழிற்பூங்காக்களை வரைபடத்திலிருந்து தொடங்கிக் கட்ட முயன்றார்கள். பெரும்பாலானவை உருப்படவில்லை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியன் செர்டோ இந்த முயற்சிகளை ஆராய்ந்து 2007-இல் எழுதினார். புதிதாகக் கட்டுவதைவிட, ஏற்கெனவே ஆங்காங்கே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றங்களைக் கண்டுபிடித்து வளர்ப்பதே பலன் தரும் என்பது அவருடைய முடிவு. எதைக் கூட்டுவாழ்வு என்று ஏற்பது என்பதற்கும் அவர் ஓர் எளிய அளவுகோல் வைத்தார்: குறைந்தது மூன்று தனித்தனி நிறுவனங்கள், குறைந்தது இரண்டு வகை வளங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஓர் ஆலை தன் பழைய இரும்பை வியாபாரிக்கு விற்றுவிட்டு நாங்களும் இதைச் செய்கிறோம் என்று விளம்பரம் செய்தால் நம்பாதிருக்க இந்த அளவுகோல் உதவும்.

இரும்பு என்றதும் உலைக்கசடு நினைவுக்கு வருகிறது. ஊதுலையில் ஒரு டன் வார்ப்பிரும்பு எடுத்தால் சுமார் 300 கிலோ கசடு வரும். ஏறக்குறைய 1,500 டிகிரி வெப்பத்தில் குழம்பாக ஓடும் அந்தக் கசட்டை அப்படியே குழியில் கொட்டி மெதுவாக ஆறவிட்டால் அது பாறையைப் போலப் படிகமாக இறுகிவிடும். சாலைக்கு அடியில் ஜல்லியாகப் போடலாம், அதற்கு மேல் மதிப்பில்லை. அதே குழம்பின் மீது வேகமாக நீரைப் பாய்ச்சி நொடியில் குளிர்வித்தால் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடித் தன்மையுள்ள குருணையாகிவிடும். அதை நன்றாக அரைத்தால் சிமென்டின் வேலையைச் செய்யும். அரைத்தால் சிமென்டாகும் கட்டியான கிளிங்கரைத் தயாரிக்கச் சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரிக்கு எரிக்க வேண்டும். அப்போது வெளியேறும் கார்பன் டைஆக்சைடில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. எரிபொருளை எவ்வளவு சுத்தமாக்கினாலும் அந்தப் பகுதி குறையாது. உலைக்கசடோ கலவையில் கிளிங்கரின் பாதி இடத்தை, சில வகைகளில் அதற்கும் மேலாக, எடுத்துக்கொள்கிறது.

ஆக, ஒரே கசடு ஜல்லியாவதா சிமென்டாவதா என்பது அது உலையை விட்டு வெளியே வரும் அந்தச் சில நொடிகளில் தீர்மானமாகிறது. இரும்பாலைக்காரர் தன் வேலை இரும்போடு முடிந்தது என்று நினைத்தால் கசடு குழிக்குப் போகும். கழிவு வெளியே வந்த பிறகு என்ன செய்யலாம் என்று யோசிப்பது பல நேரங்களில் காலம் கடந்த யோசனை. வாங்கப்போகிறவர் யார் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் வெளியேற்றும் முறையையே அதற்கேற்ப மாற்ற முடியும்.

தூரமும் பொருளுக்குப் பொருள் மாறும். அரைத்த கசடு கப்பலேறிக் கடல் கடந்து போகிறது. நீராவியோ சில கிலோமீட்டருக்கு மேல் போனால் வழியிலேயே வலுவிழந்துவிடும். அதனால்தான் வெப்பத்தைப் பொறுத்தவரை எந்த ஆலைக்குப் பக்கத்தில் எந்த ஆலைக்கு இடம் ஒதுக்குகிறோம் என்பதே பாதித் தீர்ப்பு. மனை ஒதுக்கும் அலுவலகங்கள் விண்ணப்பம் வந்த வரிசையில் இடம் கொடுக்கும்போது, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கான எரிபொருள் செலவையும் சேர்த்தே ஒதுக்கிக் கொடுக்கின்றன.

சந்தை தானாகவே இதைப் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லெப்லாங்க் என்ற வேதிமுறையில் உப்பிலிருந்து சலவைச் சோடா தயாரித்தார்கள். புகைபோக்கி வழியே ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறிச் சுற்றியிருந்த மரங்களையும் பயிர்களையும் கருக்கியது. 1863-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: அந்த வாயுவில் 95 சதவீதத்தை ஆலைகள் பிடித்தே ஆக வேண்டும். அப்போதும் பலர் அதை நீரில் கரைத்து அமிலமாக ஆற்றில்தான் விட்டார்கள். ஆனால் கையில் அமிலம் குவியத் தொடங்கியதும் அதை என்ன செய்வது என்ற கேள்வி வலுத்தது. அதிலிருந்து குளோரினைப் பிரித்தெடுக்க ஹென்றி டீக்கன் போன்றோர் வழி கண்டார்கள். துணிக்கும் காகிதத்துக்கும் வேண்டிய வெளுப்புத்தூள் அதிலிருந்து வந்தது. பின்னர் சால்வே முறை வந்து சோடா விலையில் லெப்லாங்க் ஆலைகளை வீழ்த்தியபோது, அவை இன்னும் சில காலம் உயிரோடிருந்தது இந்தக் குளோரினை விற்றுத்தான். சட்டம் கட்டாயப்படுத்தாமல் இருந்திருந்தால் அந்த வாயுவை யார் பிடித்திருப்பார்கள்? கொட்டுவது இலவசமாக இருக்கும் இடத்தில் எந்த மேலாளரும் பக்கத்து ஆலையின் கதவைத் தட்ட மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இலவசமாகக் கொட்ட விடுகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

எதையும் எதிலும் கலக்கலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999-இல் பெல்ஜியத்தில், மறுபயன்பாட்டுக்குச் சேகரித்த கொழுப்பில் மின்மாற்றி எண்ணெய் கலந்துவிட்டது. அந்தக் கொழுப்பு கால்நடைத் தீவனத்துக்குப் போனது. டையாக்சினும் பிசிபி நச்சும் கோழியிலும் முட்டையிலும் ஏறின. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கழிவுநீர்ச் சேற்றைப் பல ஆண்டுகளாக வயல்களில் உரமாகப் போட்டார்கள். எளிதில் அழியாத பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள் மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிட்டன. 2022-இல் அந்த மாநிலம் அப்படிப் போடுவதையே தடை செய்தது. தங்கள் தவறு எதுவும் இல்லாமல் நிலத்தை இழந்த விவசாயிகளை நினைத்தால், உரம் என்ற பெயரில் எதையும் இலவசமாகக் கொடுக்க முன்வருகிற ஆலையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒவ்வொரு சரக்கிலும் என்ன இருக்கிறது என்று சோதித்த தாள் கூடவே போக வேண்டும். தாள் இல்லாத சரக்குக்குக் கழிவு என்றே பெயர்.

அலுமினியத்துக்கு மூலப்பொருளான அலுமினாவைத் தயாரிக்கும் ஆலைகளின் செஞ்சேறு இன்னும் பிடிகொடுக்காத பொருள். ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னுக்கு மேல் அந்தச் சேறு வருகிறது. கடுங்காரத்தன்மை உள்ளது. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் ஐகா நகருக்கு அருகே அணை உடைந்து சேறு ஊர்களுக்குள் பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவினானா தொழிற்பகுதியில், பக்கத்து அம்மோனியா ஆலையின் கார்பன் டைஆக்சைடைக் குழாயில் வாங்கி அந்தச் சேற்றில் செலுத்திக் காரத்தைக் குறைத்தார்கள். அது அருமையான ஏற்பாடு. ஆனால் சேறு அதனால் மறைந்துவிடுவதில்லை, ஆபத்துதான் குறைகிறது. சில கழிவுகளுக்கு இன்று நம்மால் செய்ய முடிந்தது அவ்வளவே என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. நிலக்கரிச் சாம்பலையும் ஜிப்சத்தையும் நம்பித் தொழில் அமைத்துக்கொண்டால், நிலக்கரியை நிறுத்த வேண்டிய நாளில் அந்தத் தொழில்களே தடையாக நிற்குமோ என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம். ஆஸ்னெஸ் நிலையமே பின்னர் நிலக்கரியைக் கைவிட்டு மரச்சில்லுகளுக்கு மாறியது. அப்படியும் அங்கே நீராவியும் வெப்பமும் தொடர்ந்து போகின்றன, வலை அறுந்துவிடவில்லை. எனவே ஒப்பந்தங்களின் காலம் குறுகியதாக இருக்கட்டும். கழிவைக் குறைப்பதற்கே எப்போதும் முதலிடம். குறைக்க முடியாததற்குத்தான் பக்கத்து ஆலை.

பிரிட்டனில் 1996 முதல் குப்பைக் குழியில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் வரி உண்டு. 2005-இல் நாடு முழுவதற்குமான தொழில்துறைக் கூட்டுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்த வரி வருவாயில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தார்கள். பல தொழில்களைச் சேர்ந்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, உங்களிடம் மிஞ்சுவது என்ன, உங்களுக்கு வேண்டியது என்ன என்று கேட்டு எழுதவைத்தார்கள். பொருத்தம் தெரிந்த இடத்தில் ஒருங்கிணைப்பாளர்கள் இரு தரப்போடும் கடைசிவரை நின்றார்கள். அதே 2005-இல் தென் கொரியாவும் தேசியத் திட்டம் தொடங்கியது. உல்சான் நகரில் நகராட்சிக் குப்பை எரியுலையின் நீராவி அருகிலிருக்கும் வேதிப்பொருள் ஆலைக்குப் போவது அப்படி முதிர்ந்த உறவுகளில் ஒன்று. இரண்டு நாடுகளிலும் அரசு செய்த முக்கியமான செலவு மனிதர்களுக்கானது. ஆலை ஆலையாக ஏறி இறங்கி, இரகசியம் வெளியே போய்விடுமோ என்று தயங்குகிறவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறவர்களுக்கான சம்பளம் அது. சிறிய பட்டறைகளுக்கு இவர்கள் இன்னும் அதிகமாகத் தேவை. பெரிய ஆலையிடம் தனிப் பொறியாளர் இருப்பார். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் முதலாளிக்கே நேரமில்லை, அவருடைய கழிவும் தனியாக விற்கப் போதாது. பலருடையதைச் சேர்த்தால்தான் ஒரு லோடு ஆகும்.

எனவே ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் இதைக் கேட்போம். உரிமம் கேட்டு வருகிற ஒவ்வோர் ஆலையும், என்ன உற்பத்தி செய்யும் என்பதோடு, என்ன வெளியேற்றும், எவ்வளவு, எந்த வெப்பநிலையில், எந்தெந்த நச்சுகளோடு என்று எழுதிக் கொடுக்கட்டும். தயாரிப்பு இரகசியம் எதுவும் வெளியே தெரியாமலேயே இந்த விவரத்தைத் தர முடியும். அந்தப் பதிவேட்டைப் பேட்டையில் இருக்கும் எவரும் பார்க்க முடியட்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படட்டும். கொட்டுவதற்கான கட்டணத்தை உயர்த்தி, அதிலிருந்தே பேட்டைக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரையும் ஒரு சோதனைக்கூடத்தையும் ஏற்படுத்தட்டும். காலியாக இருக்கும் மனைகளை, பக்கத்தில் மிஞ்சிக் கிடப்பதைப் பயன்படுத்தக்கூடிய தொழில்களுக்கு முதலில் கொடுக்கட்டும். உங்களில் ஆலை நடத்துகிறவர்களும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் இடத்திலிருந்து எது வெளியேறுகிறது, அதற்கு இப்போது என்ன ஆகிறது என்று கீழே எழுதுங்கள். அதை வாங்கக்கூடியவர் இதே பதிவைப் படித்துக்கொண்டிருக்கலாம்.