இலவச எஸ்எஸ்எல் பலவீனமானதா?
ஆத்தங்குடி டைல்ஸ் கடை வெப்சைட்டுக்கு இலவச எஸ்எஸ்எல் (பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் சான்றிதழ்) போதாது, காசு கொடுத்து வாங்கினால்தான் என்கிரிப்ஷன் (தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மறைப்பது) வலுவாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியில்லை அண்ணே. அந்த வலு, சர்வரும் பிரவுசரும் ஒத்துக்கொள்ளும் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லுக்கு அடுத்து வந்த பாதுகாப்பு நெறிமுறை) பதிப்பையும் சைபரையும் (மறைக்கும் முறை) பொறுத்தது. சான்றிதழின் விலையை அல்ல.

குரோமில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். ‘டிஎல்எஸ் 1.3, ஏஇஎஸ்_128_ஜிசிஎம்’ மாதிரி ஒரு வரி இருக்கும். அதே சர்வரில் விலை கொடுத்த சான்றிதழை மாட்டிப் பார்த்தாலும் அதே வரிதான்.

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் கவனிக்கவேண்டியது வேறு: சான்றிதழுக்கு வழக்கமாக 90 நாள்தான் ஆயுள். ஃபயர்வாலில் 80ஆம் போர்ட்டை (தளம் உங்களுடையதுதானா என்று அவர்கள் சோதிக்கப் பயன்படும் வழி) அடைத்துவிட்டுப் புதுப்பிப்பு நின்றுபோவதுதான் அடிக்கடி நடக்கிறது. சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் மென்பொருளில் ‘செர்ட்பாட் ரென்யூ --ட்ரை-ரன்’ என்ற ஒத்திகைக் கட்டளையை ஓட்டினால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.