பரிதாபத்துக்காகப் புத்தகத்தைப் பரிந்துரைக்காதீர்கள்

அதிகம் அறியப்படாத எழுத்தாளர்களின் நூல்களைப் பரிந்துரைக்கும் பதிவுகள் பெரும்பாலும் ஒரே தொனியில் எழுதப்படுகின்றன. "இவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, நாமாவது ஆதரிப்போம்" என்ற வரி அதில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். எழுதுபவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் புத்தகத்தை வாசிப்பது அரிது என்பதுதான் நான் தொடர்ந்து பார்த்துவருவது. ஆதரவுக்காக வாங்கிய புத்தகம் நேராக அலமாரிக்குப் போய்விடுகிறது. வாங்கியவர் அதைப் பற்றி இன்னொருவரிடம் பேசவும் மாட்டார், ஏனென்றால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. பெயர் தெரியாத ஓர் எழுத்தாளருக்கு உண்மையில் தேவைப்படுவதோ, வாங்கியவர் வாசித்துவிட்டு மற்றொருவரிடம் பேசும் அந்த இரண்டாவது பேச்சுதான்.

புகழ்பெற்றவரின் புதிய நாவலைப் பற்றி "பிரமாதம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினாலும் காரியம் நடந்துவிடும். அவர் எப்படிப்பட்ட கதைகளை எழுதுவார், அவருடைய நடை தனக்கு ஒத்துவருமா என்பதெல்லாம் வாசகருக்கு முன்பே தெரியும். முன்பின் கேள்விப்படாத ஒருவரின் நூலுக்கு அதே "பிரமாதம்" ஒரு பயனும் தராது. இரண்டு பரிந்துரைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது: "மனதை உலுக்கும் நாவல். கட்டாயம் வாசிக்க வேண்டிய ஒன்று. இவரைத் தவறவிடாதீர்கள்." இரண்டாவது: "ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தான் பட்டுவாடா செய்யாமல் வைத்துக்கொண்ட ஒரு கடிதத்தை முப்பது ஆண்டுகள் கழித்துக் கொடுக்கப் போகிறார். முதல் நாற்பது பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும். உரையாடல் மிகக் குறைவு. கடிதம் பெற வேண்டியவரின் மகளுடன் அவர் பேசும் அத்தியாயத்துக்காகவே முழு நூலையும் வாசிக்கலாம். முடிவு அவசரமாக எழுதப்பட்டதுபோல் எனக்குத் தோன்றியது. துப்பறியும் விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்." இப்படி ஒரு நாவல் இருக்கிறதா என்று தேட வேண்டாம், எடுத்துக்காட்டுக்காக நான் கற்பனை செய்தது. ஆனால் இரண்டாவது பரிந்துரையைப் படித்ததும், இது தனக்கான புத்தகமா இல்லையா என்பதை யாரும் அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். அதில் இரண்டு குறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தக் குறைகள்தான் எஞ்சிய பாராட்டை நம்ப வைக்கின்றன.

அறிமுக எழுத்தாளரின் நூலில் குறை சொன்னால் அவரைக் கெடுத்ததாகிவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கு இந்தத் தயக்கம் புரியவில்லை. குறையே சொல்லாத பரிந்துரையை நம்பி வாங்கி, முப்பதாவது பக்கத்தில் சலித்துப்போய் மூடி வைத்த வாசகர், அடுத்த முறை அந்த எழுத்தாளரையும் நம்பமாட்டார், பரிந்துரைத்தவரையும் நம்பமாட்டார். முன்னெச்சரிக்கையோடு நுழைந்தவரோ அந்த நாற்பது பக்கங்களைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடுவார்.

ஜான் வில்லியம்ஸ் எழுதிய 'ஸ்டோனர்' நாவலை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1965இல் அமெரிக்காவில் வெளியானபோது சுமார் 2,000 பிரதிகள் விற்று, பின்னர் அச்சிலிருந்தே மறைந்துபோனது. வில்லியம்ஸ் 1994இல் காலமானார். 2000க்குப் பிறகு மறுபதிப்புகள் வந்தன. 2011இல் பிரெஞ்சு எழுத்தாளர் அன்னா கவால்டா அதைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அது விற்பனைப் பட்டியல்களில் ஏறியது. 2013இல் வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டனின் பெரிய புத்தகக் கடை நிறுவனம் அதை அந்த ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுத்தது. இடைப்பட்ட 48 ஆண்டுகளில் நாவல் அதே நாவல்தான். விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன் இலக்கியப் பேராசிரியராகிறான், மணவாழ்க்கை கசந்துபோகிறது, பெரிதாக எதையும் சாதிக்காமல் இறந்துபோகிறான். இந்தச் சுருக்கத்தைக் கேட்டு யார் புத்தகத்தை எடுப்பார்கள்? எடுத்தார்கள் என்றால், வாசித்த ஒருவர் இன்னொருவரிடம் "கதையாகச் சொன்னால் ஒன்றுமில்லை, ஆனால் கீழே வைக்க முடியவில்லை" என்று தம் வாயால் சொன்னதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விளம்பர வாசகத்தில் இந்த நேர்மைக்கு இடம் கிடையாது.

இதற்கு மறுப்பாக ஒரு நிகழ்வைச் சொல்லலாம். ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் 1937இல் வெளியிட்ட நாவல் மறக்கப்பட்டு, அவரும் 1960இல் வறுமையில் இறந்து, பெயர்க்கல்கூட இல்லாமல் புதைக்கப்பட்டார். 1973இல் ஆலிஸ் வாக்கர் என்ற இன்னொரு கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் அந்த இடத்தைத் தேடிப்போய்க் கல் நாட்டினார். 1975இல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஹர்ஸ்டனை மறுபடியும் பேசவைத்தது; 1978இல் நாவல் மறுபதிப்புக் கண்டது. பரிதாபம்தானே அங்கே வேலை செய்தது என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு ஆமாம். ஆனால் வாக்கர் கல்லறையைத் தேடிப் போனதே அந்த எழுத்தில் தோய்ந்துபோன பிறகுதான். கல்லறையின் கதையைக் கேட்டு வந்தவர்களைப் பிடித்து நிறுத்தும் வலு நாவலுக்கு இருந்தது. அந்த வலு இல்லாத நூலுக்கு எவ்வளவு உருக்கமான பின்னணி இருந்தாலும் அது ஒரு வாரப் பேச்சோடு முடிந்துவிடும்.

இணையக் கடைகளின் தானியங்கிப் பரிந்துரைகள் இந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று காட்டும் முறைக்கு, முன்பு பலர் வாங்கிய தடம் வேண்டும். யாரும் வாங்காத புத்தகத்துக்குத் தடமே இல்லை, ஆகவே அது யார் கண்ணிலும் படாது, படாததால் யாரும் வாங்கவும் மாட்டார்கள். இந்த வட்டத்தை வெளியிலிருந்து ஒரு மனிதர்தான் உடைக்க முடியும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்கிறது. இரண்டாவது விதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அறியப்படாத எழுத்தாளர்களைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் முக்கியமானது. அங்கே வாசகரைத் தேடி அலைவது நூல். அதற்காகத்தான் இருபத்தைந்து நூல்களின் பட்டியலைப் போடுகிறவர்களிடம், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள் எனக் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட பட்டியல்களை மக்கள் சேமித்து வைக்கிறார்கள், அத்தோடு சரி.

சிறார் நூல்களுக்கு வரும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் வாங்குபவர் ஒருவர், வாசிப்பவர் இன்னொருவர். பெரியவருக்குப் பிடித்த காரணங்களைச் சொல்லி எழுதப்படும் பரிந்துரைகளே இங்கு அதிகம். "நல்ல கருத்துள்ள புத்தகம்" என்ற பாராட்டைக் கண்டாலே எனக்கு ஐயம் வந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து, கதை இதுவரை சொன்னதையே மறுபடியும் அறிவுரையாகச் சொல்லும் புத்தகங்களைக் குழந்தைகள் எவ்வளவு விரைவாக அடையாளம் கண்டு ஒதுக்குகிறார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து வாசித்தவர்கள் அறிவார்கள்.

படக்கதை நூலைப் பரிந்துரைக்கும் முன் அதை வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இவ்வகை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற மடங்குகளில் கிடைப்பதால் வந்த வழக்கம் அது. தலைப்பு, பதிப்பு விவரம் போன்றவை போக, கதைக்கு ஏறத்தாழ ஒரு டஜன் பக்கப் புரட்டல்களே மிஞ்சும். தேர்ந்த எழுத்தாளர் அந்தப் புரட்டல்களில்தான் கதையை நடத்துவார். வலப்பக்கத்தின் கடைசி வரி, "கதவுக்குப் பின்னால் ஏதோ மூச்சுவிட்டது" என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் கை தாளின் ஓரத்துக்குப் போகும். புரட்டினால் பக்கம் முழுவதும் யானை. அதே யானையை அந்த வரிக்குப் பக்கத்திலேயே வரைந்துவிட்டால், நாம் வரியை வாசித்து முடிப்பதற்குள் குழந்தை "யானை" என்று சொல்லிவிடும். கதவும் வீண், மூச்சும் வீண். ஒரு நூலில் இந்த நுட்பம் கைகூடியிருக்கிறதா என்பதை மனதுக்குள் வாசித்தால் கண்டுபிடிக்க முடியாது. திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் நாக்கில் உருளுகிறதா, மூன்றாவது முறை குழந்தை நம்மை முந்திக்கொண்டு அதைச் சொல்கிறதா, ஐந்தாவது முறை வாசிக்கச் சொல்லும்போது நமக்கு எரிச்சல் வருகிறதா என்பவையும் அப்படித்தான். பரிந்துரையில் இவற்றை எழுதுங்கள். "மழை கொட்டும் பக்கத்தில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள்" என்ற ஒரு வரி, "கற்பனையைத் தூண்டும் படைப்பு" என்பதைவிடப் பல மடங்கு பயன்படும்.

வயதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கானது என்று மட்டும் எழுதினால் நான்கு வயதும் பதினொரு வயதும் ஒன்றாகிவிடும். தானாக வாசிக்கக்கூடிய வயது வேறு, பிறர் வாசிக்கக் கேட்டு ரசிக்கக்கூடிய வயது வேறு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழு வயதுக் குழந்தை, தன்னால் படிக்க இயலாத நீண்ட கதையைச் செவிவழியாகச் சிரமமின்றிப் பின்தொடரும். கதையில் மரணமோ பிரிவோ கொடுமையோ வருகிறது என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படிப்பட்ட நூலை ஒதுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. எப்போது கொடுப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்துகொள்வார்கள். ஓவியரின் பெயரையும், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் விட்டுவிடக் கூடாது. படக்கதை நூலில் பாதிக் கதையைச் சொல்பவர் ஓவியர். எழுத்தாளரைவிட அவர்தான் பல நேரங்களில் அறியப்படாதவர்.

இதை ஒழுங்காகச் செய்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். யெல்லா லெப்மன் 1949இல் மியூனிக் நகரில் தொடங்கிய பன்னாட்டு இளையோர் நூலகம் 'வெண் காக்கைகள்' என்ற தேர்வுப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. பல மொழிகளில் வந்த சிறார் நூல்களை அந்தந்த மொழி அறிந்தவர்கள் வாசித்து, ஆண்டுக்குச் சுமார் 200 நூல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறிப்பும் வயதும் தருகிறார்கள். உலகச் சந்தையில் யாருக்கும் தெரியாத பெயர்கள் அதில் நிறைய உண்டு. பட்டியல்கள் எனக்குப் பிடிக்காது என்று மேலே சொன்னேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒருவர் வாசித்த தடம் இருக்கும் பட்டியலை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதை ஒரே ஒரு வாசகருக்காகப் பிறந்தது. நோயுற்றிருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு 1893இல் அவர் எழுதிய படக்கடிதம்தான் அதன் மூலம். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பின், 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டுதான் ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. சொந்தமாக அச்சிட்ட நூல் என்றாலே தரமில்லாதது என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். சொந்தப் பதிப்புகள் எல்லாம் நல்லவை என்பதும் இல்லை. பிழை திருத்தப்படாமல், இன்னொருவர் செம்மையாக்கம்கூட இல்லாமல் வருபவை ஏராளம். வாசித்துப் பார்க்காமல் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நண்பர்களின் நூல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுத்தாளர் உங்கள் நண்பர் என்றாலோ, புத்தகத்தை இலவசமாக அனுப்பியிருந்தாலோ, அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்ளும் பழக்கத்தை வாசகர்கள் நன்றாகவே கவனிக்கிறார்கள், கருத்துத் தெரிவிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். அதேபோல, பரிந்துரைத்த உடனே "பிடிஎஃப் கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கே வாங்கலாம் என்பதைப் பதிவிலேயே கொடுத்துவிடுவது நல்லது. வாங்க வசதியில்லாதவர்கள் தங்கள் நூலகத்தில் அந்த நூலை வாங்கித் தரும்படி கோரிக்கை வைக்கலாம். ஒரு நூலகப் பிரதி பலர் கைக்குப் போகும். சில நூறு பிரதிகளே அச்சிடப்படும் நூலில் ஐம்பது பேர் திருட்டுப் பிரதியில் வாசித்தால், அந்த எழுத்தாளரின் அடுத்த நூலை வெளியிடலாமா என்று பதிப்பாளர் யோசிக்கும்போது அந்த ஐம்பது பேரும் கணக்கில் இருக்கமாட்டார்கள்.

கடைசியாக, உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கியவர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று வந்து சொன்னால் வாதாட வேண்டாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், எது தடுத்தது என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளைக்கதைகளின் குழப்பத்தில் நின்றுவிட்டார் என்றால், கிளைக்கதைகளை விரும்பும் வேறொருவர் உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அடுத்த முறை அவரிடம் கொடுங்கள், இவரிடம் வேறொன்றை.